மூன்று மணிக்குத் தூங்கும் பெட்டி

அன்புமிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதுவது. நீங்களும் பாப்பாவும் அங்கே சௌக்கியமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் தொடங்குகிறேன். இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். தனித்தனியாகச் சௌக்கியம். அது பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

முப்பத்து நான்கு வருடம் நீரேற்று நிலையத்தில் அழுத்தப் பதிவேடு எழுதியவன் ஆகையால், வரிசைப்படுத்தாமல் எழுத எனக்கு வராது. இக்கடிதத்தில் அடங்கியவை:

1. கம்பியில்லாத் தொடர்பு பற்றி நீங்கள் சொன்ன மூன்று கொள்கைகளை நான் வீட்டில் நடைமுறைப்படுத்தியது.
2. அதனால் மிச்சமான மின்சாரம்.
3. பதினேழு நாளுக்கு முன் வியாழக்கிழமை மூன்று மணிக்கு நடந்தது.
4. என் மைத்துனரின் தொழில்நுட்ப உதவி.
5. பத்தடி தூரத்தில் இருப்பவருக்குப் போனில் செய்தி அனுப்புவது பெரும் விரயம் என்பதும், அதைத் தடுக்க உங்கள் கம்பெனியால் ஏதாவது செய்ய முடியுமா என்பதும்.
6. உங்கள் ஆலோசனை வேண்டிய இடங்கள்.

இரண்டு முறை சரிபார்த்துவிட்டேன். நான்காவது மூன்றாவதுக்கு முன்னால் வரவேண்டுமோ என்று ஒரு சந்தேகம் இன்னும் இருக்கிறது. இருக்கட்டும்.

இதை ஏன் தபாலில் எழுதுகிறேன் என்று நீங்கள் கேட்கலாம். போனில் பேசினால் பாப்பாவுக்குத் தெரிந்துவிடும். பிரசவத்துக்கு மூன்று மாதமே இருக்கும் நேரத்தில் என் மகளுக்கு மனக்கஷ்டம் கொடுக்கக்கூடாது. தன் மொழித் தேர்வு பாதியில் நின்று போனதற்கு, "லைன் கட் ஆயிடுச்சும்மா" என்று மட்டும்தான் உங்கள் அத்தை அவளிடம் சொல்லியிருக்கிறாள். கட் ஆனது யாரால் என்று சொல்லவில்லை. என்னிடம் பேசாதவள் என்னைக் காட்டியும் கொடுக்கவில்லை. பேசாமல் இருப்பதைவிட அதுதான் எனக்கு அதிகச் சங்கடமாக இருக்கிறது. இந்தக் கடிதம் உங்களுக்கு வந்து சேரப் பன்னிரண்டு நாள் ஆகும் என்று நேற்று தபால் அலுவலகத்தில் விசாரித்ததில் சொன்னார்கள். மறுதேர்வுக்கு நான்கு நாள்தான் இருக்கிறது. ஆகவே நீங்கள் பதில் எழுதிவிட்டதாகவும், அதில் என்னைப் பெரிதாகக் குறை சொல்லவில்லை என்றும் வைத்துக்கொண்டு மேலே நடக்க உத்தேசித்திருக்கிறேன்.

முதல் விஷயம். போன வருடம் நீங்கள் வந்திருந்தபோது சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, "ஆபீஸ்ல உங்களுக்கு என்ன வேலை மாப்பிள்ளை?" என்று கேட்டேன். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்துக் கேட்க வேண்டிய கேள்வி இல்லைதான். நீங்கள் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. "டவரெல்லாம் யாரும் இல்லாதப்பவும் முழிச்சுக்கிட்டு மின்சாரம் குடிச்சுக்கிட்டே நிக்குது மாமா. ஆள் இல்லாதப்ப அதைத் தூங்க வைக்கணும். நாலு பக்கமும் இறைக்காம, ஆள் இருக்கிற பக்கம் பார்த்துக் குறி வெச்சு அனுப்பணும். அப்புறம், தூரத்துல நின்னு கத்தறதைவிடக் கிட்ட போய் மெதுவாப் பேசினா செலவு கம்மி. இவ்வளவுதான் எங்க வேலை" என்றீர்கள். நான் காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்துக்கொண்டேன். உங்கள் அத்தை கூட, "அவர் சாப்பிடட்டும், பேட்டி எடுக்காதீங்க" என்றாள். எனக்கோ ஒரே ஆச்சரியம். நீங்கள் சொன்னது முழுக்க முழுக்கத் தண்ணீர் விநியோகம். யாரும் பிடிக்காத நேரத்தில் வால்வை மூடு, ஒழுக விடாதே, மேல்நிலைத் தொட்டியைத் தெருவுக்குப் பக்கத்தில் கட்டு. என் வாழ்க்கையும் உங்கள் வாழ்க்கையும் ஒரே துறைதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. உங்களிடம் அதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். உங்களுக்குக் கௌரவக் குறைவாக இருக்குமோ என்று விட்டுவிட்டேன்.

நீங்கள் ஊருக்குப் போன பிறகு, நீங்களே வாங்கி மாட்டிக் கொடுத்த வைஃபை பெட்டி கூடத்துச் சுவரில் இருபத்து நான்கு மணி நேரமும் பச்சை விளக்கோடு விழித்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் கேட்கவில்லை. ஒரு பதிவேடு போட்டேன். நேரம், உபயோகித்தவர், காரணம் என்று மூன்று பத்தி. இருபத்தொரு நாள் கவனித்தேன். உங்கள் அத்தை ஒருநாள் கேட்டாள்.

"என்ன எழுதறீங்க?"

"ஒண்ணுமில்லையே."

"நான் போனை எடுத்தா எழுதறீங்க, வெச்சா எழுதறீங்க. இந்த வயசுல போலீஸ்ல வேலை கெடச்சுதா?"

முடிவு தெளிவாக வந்தது. பிற்பகல் மூன்றிலிருந்து நான்கு வரை இந்த வீட்டில் ஒருவரும் வைஃபையைத் தொடுவதில்லை. அந்த நேரத்தில் அவள் அறைக்கதவு சாத்தியிருக்கும். நான் "உறக்கம்" என்று எழுதினேன். உண்மையில் அவள் உறங்கவில்லை, உங்கள் நாட்டு மொழிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு வாய்க்குள் படித்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கதவைத் தட்டிக் கேட்டிருக்கலாம். உறங்குபவளைத் தட்டி எழுப்பி உறங்குகிறாயா என்று கேட்பது முறையல்ல என்று விட்டேன். மாடி வீட்டு மைத்துனரிடம், கழற்றி வைத்தாலும் மணி மறக்காத ஒரு டைமர் பிளக் வாங்கி, தினமும் மூன்று மணிக்குப் பெட்டி தானாகத் தூங்கி நான்கு மணிக்குத் தானாக எழுந்திருக்கும்படி ஏற்பாடு செய்தேன்.

இரண்டாவது விஷயம். இப்படி ஒரு மாதம் ஓடியதில் மிச்சமான மின்சாரத்தைக் கொண்டு கால் மணி நேரம் துணி தேய்க்கலாம். ஆனால் டைமர் பிளக் என்பதும் நாள் முழுவதும் விழித்திருந்து மணி பார்க்க வேண்டிய ஒன்று. அது அந்த மாதத்தில் குடித்த மின்சாரத்தைக் கொண்டு அரை மணி நேரம் துணி தேய்க்கலாம். இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த அன்று பதிவேட்டில் மையால் எழுத மனம் வரவில்லை. ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன்.

மூன்றாவது விஷயத்துக்கு வந்துவிட்டேன். பிரசவத்துக்குத் துணையாக ஒருவர் ஆறு மாதம் வந்து தங்க உங்கள் நாட்டில் அனுமதி கிடைக்கும், ஒருவருக்குத்தான் கிடைக்கும், அந்த ஒருவர் அந்த மொழியில் ஒரு வாய்மொழித் தேர்வில் தேற வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். உங்கள் அத்தை எட்டு மாதமாகப் படித்தாள். வீட்டில் உள்ள ஒவ்வொரு பொருளிலும் அதன் பெயரை அந்த மொழியில் எழுதிச் சீட்டு ஒட்டினாள். கதவு, பீரோ, உப்பு டப்பா, வாளி எல்லாவற்றுக்கும் சீட்டு. என் நாற்காலியின் முதுகில் ஒட்டிய சீட்டு நாற்காலியைக் குறிக்கிறதா என்னைக் குறிக்கிறதா என்று நான் கேட்கவில்லை. தேர்வு லேப்டாப்பில்தான் நடக்கும். நிபந்தனைகளை அச்சடித்து அனுப்பியிருந்தார்கள். பின்னால் வெறும் சுவர் இருக்க வேண்டும். அறையில் வேறு ஆள் இருக்கக்கூடாது. தொடர்பு இரண்டு நிமிடத்துக்கு மேல் விட்டுப்போனால் வராதவர் என்று பதிந்துவிடுவார்கள், மறுதேர்வு ஒரு முறைதான் தருவார்கள்.

அன்று காலையில் காபி கொடுக்கும்போதே சொன்னாள். "ரெண்டே முக்காலுக்குத் தேர்வு. நீங்க எதையும் தொடக்கூடாது."

"தொட மாட்டேன்."

"சுவிட்சு, பெட்டி, வயரு, எதையும்."

"தொட மாட்டேன்னு சொல்றேன்ல."

நான் சொல் தவறவில்லை மாப்பிள்ளை. இரண்டரை மணிக்கே கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டேன். அறைக்குள்ளிருந்து அவள் குரல் வந்துகொண்டிருந்தது. அந்த மொழியில் அவள் குரல் கொஞ்சம் கனமாக இருக்கிறது, பள்ளிக்கூடத் தலைமையாசிரியை மாதிரி. நான் பெருமையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்று மணிக்குச் சுவரில் டிக் என்று ஒரு சத்தம். பச்சை விளக்கு போயிற்று. நான் எதையும் தொடவில்லை. பிளக் தொட்டது. ஓடிப்போய் அதைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியை நேராகச் சொருகினேன். ஆனால் அந்தப் பெட்டி ஒருமுறை தூங்கிவிட்டால் எழுந்து முகம் கழுவி வேலைக்கு வர நான்கு நிமிடம் எடுத்துக்கொள்ளும். நீங்கள் சொன்னபோது, "தேவைப்பட்டா ஒரு நொடியில எழுப்பணும், அதுதான் மாமா கஷ்டமே" என்று இன்னொரு வாக்கியமும் சொன்னதாக இப்போது ஞாபகம் வருகிறது. காலண்டர் தாளில் இடம் போதாமல் அதைக் குறிக்காமல் விட்டிருக்கிறேன்.

அவள் வெளியே வந்தாள். மூன்றாவது கேள்வி, குடும்பத்தை அறிமுகப்படுத்துங்கள் என்பது. மகளைச் சொல்லி, உங்களைச் சொல்லி, "என் கணவர்" என்று ஆரம்பித்த இடத்தில் திரை கறுத்துவிட்டதாம். அவள் பெட்டியைப் பார்த்தாள். என் கையில் இருந்த பிளக்கைப் பார்த்தாள்.

"நீங்களா?"

"நான் தொடல. பிளக்கு."

அந்த வாக்கியத்தில் பிழை ஒன்றும் இல்லை. இருந்தாலும் அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று பதினேழு நாளாக நினைக்கிறேன். அதற்கு அவள் பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எதற்கும் சொல்லவில்லை. மறுநாள் காலை கூடத்தில் உட்கார்ந்திருக்கிறேன், போன் மணியடித்தது. எடுத்துப் பார்த்தால் அவளிடமிருந்து செய்தி. "காபி." தலையைத் தூக்கினால் சமையலறைக் கதவு வழியாக அவளுடைய முழங்கை தெரிகிறது. டேப் வைத்து அளந்து பார்த்தேன். பத்தடி மூன்று அங்குலம்.

அன்றிலிருந்து இந்தக் குடும்பம் கம்பியில்லாத் தொடர்பில்தான் நடக்கிறது. "சாப்பாடு மேஜையில்." "கண்ணாடி உங்க தலையில." "தேடறது பேனான்னா பாக்கெட்ல." "அடுப்பை அணைக்காதீங்க. நான் சமைச்சுக்கிட்டிருக்கேன்." நான், "தங்கள் செய்தி கிடைத்தது. நன்றி" என்று பதில் போடுவேன். மன்னிப்புக் கேட்டு ஒரு நீண்ட செய்தியும் அனுப்பினேன். பத்திகளுக்கு எண் போட்டிருந்தேன். அதற்கு ஒரு கட்டை விரல் படம் மட்டும் வந்தது. நிமிர்ந்த விரலா கவிழ்ந்த விரலா என்று பெரிதாக்கிப் பார்த்தேன். நிமிர்ந்த விரல்தான். அதில் எவ்வளவு அர்த்தம் எடுத்துக்கொள்ளலாம் என்று தெரியவில்லை.

நேரில் போய்ச் சொல்லவில்லையா என்று கேட்பீர்கள். சமையலறை வாசல் வரை நான்கு முறை போனேன். ஒவ்வொரு முறையும் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். அதற்குப் பதிலாக, மறுதேர்வுக்குள் இந்த வீட்டின் சிக்னலைப் பழுதில்லாமல் செய்து கொடுத்துவிடுவது என்று தீர்மானித்தேன். செயலால் காட்டுவது மேல் அல்லவா. டைமர் பிளக்கை மேஜை டிராயரில் போட்டு, என் மைத்துனரைக் கூப்பிட்டேன்.

இது நான்காவது விஷயம். அவர் ஏசி மெக்கானிக் என்பதும், தெரியாது என்ற வார்த்தை அவர் வாயில் வராது என்பதும் நீங்கள் அறிந்தவை. நான் வீட்டு வரைபடம் போட்டு நாற்பத்தொரு இடங்களில் நின்று சிக்னல் கோடுகளை எண்ணி வைத்திருந்தேன். பெட்டியின் அழுத்தம் கசியாமல் இருக்க உபயோகமில்லாத அறைகளின் கதவு ஜன்னல்களையும் சாத்தி வைத்திருந்தேன். அவர் வந்து மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன அத்தான், வீடு இப்படிப் புழுங்குது?"

"சிக்னல் வெளியே போயிடக்கூடாதுன்னு."

"அத்தான், இது தண்ணி இல்ல."

"தெரியும். ஆனா ஒழுகுது. எதிர் வீட்டு வாசல்ல ரெண்டு கோடு காட்டுது."

"அப்போ திருப்பி விட்ருவோம். கரண்டு ஏத்தாம காத்தை ஒரு பக்கம் திருப்பறதுதான் என் தொழிலே. அக்கா உட்கார்ற அறைக்கு நேரா அடிக்கிற மாதிரி பண்ணித் தரேன். அக்கா இன்னும் பேசலியா?"

"இல்ல."

"எங்கிட்ட நல்லாத்தான் பேசுது."

இது உங்களுடைய இரண்டாவது கொள்கையோடு பொருந்தி வந்ததால் சம்மதித்தேன். ஒரு பெரிய அட்டையில் சமையலறை அலுமினியத் தாளைச் சுற்றி, பெட்டிக்குப் பின்னால் முறம் மாதிரி வளைத்து நிறுத்தினார். அளந்து பார்த்ததில் அறையில் முன்னைவிட ஒரு கோடு குறைந்திருந்தது. சமையலறையில் ஒரு கோடும் இல்லை. மறுநாள் எதிர் வீட்டுப் பல் மருத்துவர் கதவைத் தட்டி, "சார், நேத்துலேர்ந்து எங்க வீட்ல பூரா உங்க வைஃபை பேருதான் முதல்ல வருது, அஞ்சு கோடு. எங்களுது கீழே போயிடுச்சு. பாஸ்வேர்டு குடுத்தீங்கன்னா நாங்க இதுக்கே வந்துடறோம்" என்றார். அவர் கேட்டது நியாயமா அநியாயமா என்று யோசித்து முடிப்பதற்குள் அவர் கிளினிக்குக்குப் போய்விட்டார்.

சமையலறையில் கோடு இல்லாததன் விளைவு அன்று மாலை தெரிந்தது. ஒரு தீய்ந்த வாசனை வந்தது. நான் அவள்தான் ஏதோ செய்கிறாள் என்று இருந்தேன். அவள் பின்வாசல் வழியாக மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போயிருக்கிறாள். போவதற்கு முன் சமையலறையில் நின்று எனக்குச் செய்தி அடித்திருக்கிறாள். சிக்னல் இல்லாததால் அது போகாமல் அவள் போனிலேயே உட்கார்ந்திருக்கிறது. அவள் துணி மூட்டையோடு கூடத்துக்குள் காலை வைத்ததும் என் போன் மணியடித்தது. "பால் வெச்சிருக்கேன், பாருங்க." எங்கள் இருவருக்கும் நடுவில் அப்போது நான்கடி தூரம். புகை வேறு. இரண்டு பேரும் ஜன்னல்களைத் திறந்தோம். இவ்வளவுக்குப் பிறகும் அவள் அலுமினியத் தாளைக் கிழித்துப் போடவில்லை. சுருட்டி மறுபடி சமையலறையில் வைத்துக்கொண்டாள்.

ஐந்தாவது விஷயம். இந்தப் பதினேழு நாளில் நூற்று நாற்பத்து மூன்று செய்திகள் வந்திருக்கின்றன. அத்தனையையும் பதிவேட்டில் பார்த்து எழுதி வைத்திருக்கிறேன். "காபி" என்ற ஒரு சொல் அவள் கையிலிருந்து கூடத்துப் பெட்டிக்கு வந்து, அங்கிருந்து தெருவுக்குப் போய், எங்கெங்கோ கடலடிக் கம்பியில் எல்லாம் போய், யாரோ ஒருவருடைய குளிரூட்டிய கட்டடத்தில் புரண்டு, திரும்பி அதே பெட்டிக்கு வந்து, என் சட்டைப் பைக்கு வருகிறது. பத்தடிக்காக இந்தப் பயணம். குழாயடியில் நிற்பவருக்குத் தண்ணீரை அணைக்கட்டிலிருந்து லாரியில் கொண்டுவந்து கொடுப்பதற்குச் சமம். நீங்கள் ஒரு டவரைத் தூங்க வைக்க ஆபீஸில் கண் விழித்து வேலை செய்கிறீர்கள். இங்கே உங்கள் மாமனார் மாமியார் அதைத் தூங்க விடாமல் செய்கிறோம். இதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. இரண்டு போன்கள் ஒரே கூரையின் கீழ் இருந்தால், "நேரில் சொல்லவும்" என்று செய்தியைத் திருப்பி அனுப்பும்படி உங்கள் கம்பெனியில் ஏற்பாடு செய்ய இயலுமா என்று மேலிடத்தில் கேட்டுப் பார்க்க வேண்டுகிறேன். உலகம் முழுவதும் எங்களைப் போல் எத்தனை வீடு இருக்கும் என்று யாராவது எண்ணியிருக்கிறார்களா தெரியவில்லை.

ஆறாவது, ஆலோசனை வேண்டிய இடங்கள். என்னுடைய நாற்பத்தொரு இடங்களில் சிறந்தது வீட்டின் பின்புறம், துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள ஐந்தடி இடம். நம் வீட்டுக்குள் டவர் சிக்னல் வராது என்று நீங்கள்தான் சோதித்துச் சொன்னீர்கள். அங்கே உள்ள ஒரு ஜன்னலில் மட்டும் வருகிறது. பின்னால் வெறும் சுவரும் இருக்கிறது. வைஃபை பெட்டியையும் நீண்ட வயர் போட்டு அங்கேயே இயந்திரத்தின் மேல் வைத்துவிட்டால், பெட்டிக்கும் லேப்டாப்புக்கும் நடுவே மூன்றடிதான் இருக்கும். கிட்ட போய் மெதுவாகப் பேசுவது என்ற உங்கள் மூன்றாவது கொள்கைக்கும் அது பொருந்தும். உங்கள் அத்தைக்குச் செய்தியில் தெரிவித்தேன். "சரி. அன்னைக்குத் துணி துவைக்காதீங்க" என்று பதில் வந்தது. இந்த ஏற்பாட்டில் உங்களுக்கு ஆட்சேபணை இருந்தால் எழுதவும். வந்து சேரும்போது தேர்வு முடிந்திருக்கும். ஆனாலும் எழுதவும்.

உள்ளதைச் சொல்கிறேன் மாப்பிள்ளை. இந்தத் தடவையும் அவளுக்குத் தேர்வு போனால், பாப்பா பக்கத்தில் அந்த நேரத்தில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். அதற்குக் காரணம் ஒரு மாதத்தில் கால் மணி நேரத் தேய்ப்பாக இருக்கும். அதை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நீங்கள் இருவரும், வரப்போகிற மூன்றாமவரும் நீண்ட ஆயுளோடும் தடையில்லாத மின்சாரத்தோடும் இருக்க வேண்டும். பாப்பா மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லவும். இந்தக் கடிதத்தைப் படித்ததும் அவள் கண்ணில் படாத இடத்தில் வைக்கவும்.

என்றும் உங்கள் நலம் நாடும்,
மாமா

பின்குறிப்பு. இன்று வெள்ளிக்கிழமை. கடிதத்தை இன்னும் தபாலில் சேர்க்கவில்லை. மூன்றாவது, நான்காவது விஷயங்களின் வரிசை பற்றி யோசித்துக்கொண்டிருந்ததில் திங்களும் செவ்வாயும் போயின. புதன்கிழமை பெட்டியை இடம் மாற்றும் வேலை. நேற்று மறுதேர்வு முடிந்துவிட்டது. நடந்ததை எழுதுகிறேன்.

துணி துவைக்கும் இயந்திரத்தின் பிளக் பாயின்ட் பெரியது, பெட்டியின் பிளக் சிறியது. நடுவில் மாட்ட ஏதாவது வேண்டும் என்று என் மைத்துனர் நம் வீடு முழுவதும் தேடியிருக்கிறார். நான் அப்போது இயந்திரத்தின் மேல் தூசி தட்டிக்கொண்டிருந்தேன். "கெடச்சுது அத்தான், டிராயர்லயே இருந்துச்சு" என்று கொண்டுவந்து மாட்டினார். நன்றி சொன்னேன். வியாழக்கிழமை இரண்டே முக்காலுக்குத் தேர்வு தொடங்கியது. முதல் தடவை கேட்ட அதே பெண்மணிதான் கேள்வி கேட்டார். நான் கதவுக்கு வெளியே நின்றேன். மூன்று மணிக்கு, இயந்திரத்தின் பின்னாலிருந்து, டிக்.

அந்தச் சத்தத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பெட்டி எழுந்திருக்க நான்கு நிமிடம் ஆகும். அவர்கள் பொறுப்பது இரண்டு நிமிடம். அப்போதுதான் போன வருடம் நீங்கள் என் போனில் ஹாட்ஸ்பாட் என்று ஒன்று வைத்துக் கொடுத்தது ஞாபகம் வந்தது. லேப்டாப்புக்கும் அதைப் பழக்கிவிட்டுப் போயிருந்தீர்கள். வீண் செலவு என்று அதை ஒரு நாளும் நான் போட்டதில்லை. போட்டேன். கதவருகே டவர் சிக்னல் ஒரு கோடுதான் இருந்தது. உள்ளே ஜன்னல் பக்கம் போக வேண்டும், ஆனால் காமிராவில் தெரியக்கூடாது. மண்டியிட்டு மேஜைக்கு அடியில் போய், உங்கள் அத்தையின் காலடியில் உட்கார்ந்து, போனை ஜன்னல் பக்கம் நீட்டிப் பிடித்தேன். மேலே திரையில் அந்தப் பெண்மணியின் குரல் திரும்பி வந்தது. ஒன்றரை நிமிடத்துக்குள் வந்துவிட்டது. பதினோரு நிமிடம் அப்படியே இருந்தேன். கையை மாற்றவில்லை.

அறையில் வேறு ஆள் இருக்கக்கூடாது என்பது நிபந்தனை. நான் ஆளாக இருக்கவில்லை, சாதனமாகத்தான் இருந்தேன் என்று சமாதானம் செய்துகொள்கிறேன். ஒரு வார்த்தை சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்கு அந்த மொழியில் உப்பு டப்பாவும் வாளியும்தான் தெரியும். இதில் விதிமீறல் உண்டா என்று உங்கள் நேர்மையான கருத்தை எழுதவும்.

குடும்பத்தைப் பற்றிய கேள்வியில் அவள் என்னைச் சொல்லிய இடம் தெரிந்தது, ஏனென்றால் அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தினாள். பிறகு ஏதோ இரண்டு சொல் சொன்னாள். அந்தப் பெண்மணி சிரித்தார். தேர்வு முடிந்து திரையை மூடிவிட்டு, உங்கள் அத்தை குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தாள்.

"எழுந்திருங்க. கால் மரத்துப் போயிருக்கும்."

இருபத்தொரு நாளில் அவள் வாயால் சொன்ன முதல் வாக்கியம். கால் மரத்துத்தான் போயிருந்தது. எழுந்திருக்க முடியவில்லை. அந்த நிலையிலேயே, "தப்பு என்னுதுதான். பிளக்கு இல்ல" என்றேன். அவ்வளவு பக்கத்தில் இருந்ததால் சத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"இந்தத் தடவை பிளக்கு, போன தடவை நீங்க" என்றாள். "சரி, கையைக் குடுங்க."

"என்னைப் பத்தி என்ன சொன்னே?"

"என் கணவர் நல்ல மனிதர்னு."

குறித்துக்கொள்ளச் சட்டைப் பையில் பேனாவைத் தேடினேன். அவள் அதைப் பார்த்துவிட்டு, "ரொம்ப நெனச்சுக்காதீங்க. மனுஷங்களுக்குப் போடற மாதிரி எனக்கு வரது மூணே வார்த்தை. நல்ல, பழைய, ஈரமான. பழையன்னுதான் வாயில வந்துது. தேர்வாச்சேன்னு மாத்திட்டேன்" என்றாள்.

இன்று காலை முடிவு வந்துவிட்டது. தேறிவிட்டாள். பாப்பாவிடம் பேசியும் ஆயிற்று. பிளக் விவகாரம் அவளுக்கு முதல் நாளே மைத்துனர் மூலம் தெரியுமாம். ஆகவே இந்தக் கடிதத்தை ஒளித்து வைக்க வேண்டியதில்லை. பயணச்சீட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறாள். அடுத்த மாதக் கடைசியில் உங்கள் அத்தை கிளம்புகிறாள். ஆறு மாதம். அனுமதி ஒருவருக்குத்தான் என்பதை நான் இந்தக் கடிதத்தில் மேலே எழுதியிருக்கிறேன். எழுதும்போது அதற்கு இன்னொரு பொருளும் உண்டு என்று எனக்குப் படவில்லை.

சற்று முன் போன் மணியடித்தது. "டீ ஆறுது." தலையைத் தூக்கினால் அதே பத்தடி, அதே முழங்கை. இப்போதுதான் பேசுகிறோமே என்று எழுந்து போய், "வாயால சொல்லலாமே, எதுக்கு வீணா?" என்று கேட்டேன். அவள் திரும்பாமல் சொன்னாள்.

"பழகிக்குங்க. ஆறு மாசம் அங்கேருந்துதான் நான் உங்க கண்ணாடியைத் தேடித் தரணும்."

ஆகவே மாப்பிள்ளை, ஐந்தாவதாக நான் எழுதியது தவறு. அதை உங்கள் மேலிடத்தில் கேட்க வேண்டாம்.